லேப்டாப் ஆன் ஆகறப்ப வர்ற டிஸ்க் செக்: எத நிறுத்தலாம், எத நிறுத்தக்கூடாது

தம்பி, மத்தவங்களும் படிப்பாங்கங்கறதால உங்க கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். செகண்ட் ஹேண்ட் லேப்டாப், உள்ள சுத்துற ஹார்ட் டிஸ்க், கடையிலயே போட்டுக் கொடுத்த உபுண்டு. ஆன் பண்ணா ஒவ்வொரு தடவையும் கறுப்பு ஸ்கிரீன்ல "கிளீன்", இத்தன ஃபைல், இத்தன பிளாக்னு ஒரு வரி வந்துட்டுப் போகுது. எப்பவாச்சும் ஒரு நாள், அதுவும் பாலிடெக்னிக்குக் கிளம்பற நேரமா பாத்து, டிஸ்க் செக் பண்றேன்னு பல நிமிஷம் நின்னுடுது. எந்த டிஸ்க்க எங்க இணைக்கணும்னு எழுதி வச்சிருக்கற எஃப்எஸ்டாப் ஃபைல்ல கடைசி நம்பர ஜீரோன்னு மாத்திட்டா இந்தத் தொல்லையே இருக்காதுன்னு நண்பர் சொல்லியிருக்கார், மாத்தலாமான்னு கேக்குறீங்க.

மாத்தாதீங்க. உங்களுக்கு வேண்டியது காலைல அந்த நீளமான செக் வரக்கூடாதுங்கறது, அத நிறுத்தறதுக்கு வேற இடம் இருக்கு, அத நிறுத்தறதுல பெருசா தப்பும் இல்ல. ஆனா நண்பர் சொன்ன நம்பர மாத்துனா நீளமான செக்கோட சேர்த்து, நிஜமாவே ஏதாவது கெட்டுப்போன அன்னைக்கு வரவேண்டிய செக்கும் போயிடும். ரெண்டும் வேற வேற செட்டிங், நெறைய பேர் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல அந்த "கிளீன்" வரி. அது செக்கே கிடையாது. டிஸ்க்ல ஃபைலுங்கள அடுக்கி வைக்கற முறையான இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தோட ஆரம்பத்துல சூப்பர்பிளாக்னு ஒரு பகுதி இருக்கு, இந்த டிஸ்க் ஒழுங்கா மூடப்பட்டுச்சா, இதுவரைக்கும் எத்தன தடவ மவுண்ட் ஆச்சு (அதாவது சிஸ்டத்தோட இணைஞ்சுச்சு), கடைசியா முழுசா செக் பண்ணது எந்தத் தேதி, லினக்ஸோட மையமான கெர்னல் எதாவது எரர பாத்துச்சா, எல்லாம் அதுல எழுதியிருக்கும். பூட் ஆகறப்ப எஃப்எஸ்செக்ங்கற செக் புரோகிராம் வந்து அத மட்டும் படிச்சுட்டு, எல்லாம் சரியா இருக்குன்னா அந்த ஒரு வரிய எழுதிட்டுப் போயிடும். கண்ண மூடித் திறக்கற நேரம்தான். உள்ள இருக்கற ஃபைல் ஒண்ணையும் அது பாக்கல. அதனால "டெய்லி கிளீன்னு வருது, என் டிஸ்க் நல்லா இருக்கு"ன்னும் எடுத்துக்காதீங்க, "டெய்லி செக் பண்ணி நேரத்த வீணாக்குது"ன்னும் எடுத்துக்காதீங்க.

அடுத்தது, ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம போனா என்ன நடக்கும். சிங்கப்பூர்ல கரண்ட் போறது ரொம்ப அபூர்வம், லேப்டாப்புக்கு பேட்டரியும் இருக்கு, அப்புறம் இதெல்லாம் எதுக்குன்னு தோணலாம். ஆனா நம்ம ஆளுங்க லேப்டாப் கெடறது கரண்ட் போயி இல்ல. மூடிய மூடி சஸ்பெண்ட்ல பையில போட்டுட்டு எம்ஆர்டி ஏறுவோம், பைக்குள்ளயே பேட்டரி தீர்ந்து செத்துப் போயிருக்கும், இல்லன்னா ஸ்கிரீன் ஹேங் ஆயிடுச்சுன்னு பவர் பட்டன அமுக்கிப் புடிச்சு அணைப்போம். ரெண்டுமே டிஸ்க்கப் பொறுத்தவரைக்கும் கரண்ட் போனதுக்குச் சமம்தான்.

பழைய இஎக்ஸ்டி2 காலத்துல இப்படி ஆச்சுன்னா முழு டிஸ்க்கையும் ஆதியோடந்தமா பாத்தே ஆகணும், வேற வழியே இல்ல, பெரிய டிஸ்க்கா இருந்தா மணிக்கணக்கா கூட ஆகும். 2001-ல இஎக்ஸ்டி3 லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்தப்பதான் ஜர்னல் வந்துச்சு. கடைக்காரர் பேரேட்டுல ஏத்தறதுக்கு முன்னாடி துண்டுச் சீட்டுல குறிச்சு வச்சுக்கற மாதிரி, டிஸ்க்ல ஃபைல் சிஸ்டத்தோட அமைப்ப மாத்தறதுக்கு முன்னாடி என்ன மாத்தப்போறேன்னு ஜர்னல்ல எழுதிடும். நடுவுல செத்துப்போனா, அடுத்த பூட்ல அந்தக் குறிப்ப எடுத்து விட்ட வேலைய முடிச்சுடும், முடிஞ்சதும் கிளீன். "ரிகவரிங் ஜர்னல்"னு ஒரு வரி பாப்பீங்க, கூடவே "ஆர்ஃபன் ஐநோடு" கிளியர் பண்ணேன்னு சில வரி வரலாம், அதாவது அழிச்சும் ஒரு புரோகிராம் திறந்து வச்சிருந்ததால இடம் விடுபடாம நின்ன ஃபைலுங்க. பயப்பட ஒண்ணுமில்ல. இதுவும் முழு செக் இல்ல, சில செகண்டுதான்.

அப்போ அந்தப் பல நிமிஷ செக் எதுக்கு வருதுன்னா, பெரும்பாலும் மூணு காரணம்தான். ஒண்ணு, சூப்பர்பிளாக்ல எரர் கொடி ஏறியிருக்கு, ஓடிட்டிருக்கறப்ப கெர்னல் எதையோ தப்பா பாத்து குறிச்சு வச்சிருக்கு. ரெண்டு, இத்தன தடவ மவுண்ட் ஆனா ஒரு முழு செக்னு வச்சிருக்கற கணக்கு நிறைஞ்சிடுச்சு. மூணு, இத்தன நாளுக்கு ஒரு தடவன்னு வச்சிருக்கற கெடு தாண்டிடுச்சு. எந்தக் காரணம்னு அந்த நேரத்துல ஸ்கிரீன்லயே ஒரு வரில எழுதும், போட்டோ புடிச்சு வச்சுக்கங்க. ரெண்டாவது மூணாவதுன்னா அது ரொட்டீன் பரிசோதனை, உங்க வசதிக்கு மாத்திக்கலாம். முதல் காரணம்னா அது உடம்பு சரியில்லன்னு சொல்ற அறிகுறி, அத வாய மூடக்கூடாது.

பழைய காலத்துல இஎக்ஸ்டி ஃபைல் சிஸ்டம் உருவாக்கறப்பவே இருபதுக்கு மேல ஏதோ ஒரு நம்பர் மவுண்ட் கணக்காவும், 180 நாள் கெடுவாவும் தானா உக்காந்துக்கும். 2011 கடைசில வந்த இ2எஃப்எஸ்புரோக்ஸ் (இந்த ஃபைல் சிஸ்டத்துக்கான கருவித் தொகுப்பு) 1.42-லேர்ந்து அத டிஃபால்ட்டா எடுத்துட்டாங்க, இப்ப புதுசா இன்ஸ்டால் பண்ணா ரெண்டும் ஆஃப். உங்களுக்கு ஏன் வருதுன்னா இந்தக் கணக்கு டிஸ்க்லயே எழுதியிருக்கு, உபுண்டுவ எத்தன தடவ அப்கிரேட் பண்ணாலும் அது மாறாது. கடைல பழைய இமேஜ அப்படியே காப்பி அடிச்சிருக்கலாம், இல்ல முன்னாடி வச்சிருந்தவர் தானே செட் பண்ணியிருக்கலாம். டெர்மினல்ல சூடோ போட்டு டியூன்2எஃப்எஸ் கமாண்ட சின்ன எல் ஆப்ஷனோட உங்க பார்ட்டிஷன் (டிஸ்க்கப் பிரிச்ச பகுதி) மேல ஓட்டுங்க, நீளமா வரும், அதுல "மேக்ஸிமம் மவுண்ட் கவுண்ட்", "செக் இன்டர்வல்", "லாஸ்ட் செக்ட்", "ஃபைல்சிஸ்டம் ஸ்டேட்" இந்த நாலு வரி போதும். மவுண்ட் கவுண்ட்ல மைனஸ் 1, இன்டர்வல்ல 0-ன்னு இருந்தா ரொட்டீன் செக் ஆஃப்ல இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு வேற நம்பர் இருக்கும்னு நெனக்கிறேன்.

லேப்டாப்புல ஒரு விசேஷம் இருக்கு, இத ரொம்பப் பேர் கவனிக்கறதில்ல. பேட்டரில ஓடிட்டு இருந்தா ஈ2எஃப்எஸ்செக் (இஎக்ஸ்டிக்காக எஃப்எஸ்செக் கூப்பிடற புரோகிராம்) இந்த ரொட்டீன் செக்க தள்ளிப் போடும், கணக்கு ரெண்டு மடங்கு ஆகற வரைக்கும் பொறுத்துக்கும், டிஃபால்ட்டே அப்படித்தான். அதனால கேம்பஸ்ல பேட்டரில ஆன் பண்ணறப்ப ஒழுங்கா வந்துட்டு, வீட்டுல சார்ஜர் குத்தி ஆன் பண்ணறப்ப மட்டும் நிக்குதுன்னா குழம்பாதீங்க, சார்ஜர்ல கோளாறு இல்ல. இன்னொண்ணு, நாம பாதி நேரம் மூடிய மூடித் திறக்கறதோட சரி, சஸ்பெண்ட்லேர்ந்து எழுந்தா அது மவுண்ட் கணக்குல சேராது, மாசக்கணக்கா ரீஸ்டார்ட்டே பண்ணாம ஓட்டறவங்க இருக்காங்க. மவுண்ட் கணக்க நம்பி லேப்டாப்ப விடறது இந்தக் காலத்துக்குப் பொருந்தாதுங்கறது என் எண்ணம், நாள் கணக்குதான் கொஞ்சமாவது அர்த்தமுள்ளது, அதுவும் ரீஸ்டார்ட் பண்ணாத்தான் வேலை செய்யும்.

அதனால நான் செய்யச் சொல்றது: டியூன்2எஃப்எஸ்ல சின்ன சி ஆப்ஷனுக்கு 0, ஐ ஆப்ஷனுக்கு 0 கொடுத்து ரெண்டையும் அணைச்சுடுங்க. சிஸ்டம் ஓடிட்டு இருக்கறப்பவே மாத்தலாம், ஆபத்தில்ல. மாத்திட்டு, செமஸ்டர் லீவ்ல ஒரு நாள், ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி சார்ஜர் குத்தி, நீங்களே ஒரு முழு செக் ஓட்டிடுங்க. அதுக்கு க்ரப்ங்கற பூட் மெனுவுக்குப் போகணும் (ஆன் ஆகறப்ப எஸ்கேப் இல்லன்னா ஷிஃப்ட்), உபுண்டு வரி மேல நின்னு இ தட்டுனா எடிட் திறக்கும், லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரியோட கடைசில ஒரு இடைவெளி விட்டு எஃப்எஸ்செக், புள்ளி, மோட், சமக்குறி, ஃபோர்ஸ்னு சேர்த்து எழுதணும், நடுவுல இடைவெளி கூடாது, எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து, எழுதிட்டு எஃப்10. அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் அது, அடுத்த தடவ பழையபடி ஆயிடும். நெட்ல தேடினா ரூட் டைரக்டரில ஃபோர்ஸ்எஃப்எஸ்செக்னு ஒரு காலி ஃபைல் உருவாக்குன்னு நெறைய பக்கத்துல போட்டிருக்கும், அது பழைய பழக்கம், பூட் வேலைகள நடத்தற சிஸ்டம்டி வந்ததுக்கப்புறம் அத நம்பாதீங்க.

ஓடறப்ப அஞ்சு கட்டமா போகும். ஐநோடுங்களையும் (ஒவ்வொரு ஃபைலப் பத்தின குறிப்பு) பிளாக்குகளையும் பாக்கறது முதல் கட்டம், அதுதான் அதிக நேரம் எடுக்கும், அப்புறம் டைரக்டரி அமைப்பு, டைரக்டரிங்க ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கான்னு, லிங்க் எண்ணிக்கை, கடைசியா எது காலி எது நிறைஞ்சதுங்கற கணக்கு. சுத்துற டிஸ்க்ல நேரமாகும், எஸ்எஸ்டி மாத்துனீங்கன்னா இதே வேலை பெரும்பாலும் காபி கலக்கற நேரத்துக்குள்ள முடியும். உண்மைய சொன்னா உங்க பிரச்சினைக்குப் பாதித் தீர்வு அதுவேதான், சிம் லிம் ஸ்கொயர் பக்கம் போறப்ப ஒரு சின்ன எஸ்எஸ்டி விலை விசாரிச்சுப் பாருங்க.

சரி, நண்பர் சொன்ன அந்த நம்பர். எஃப்எஸ்டாப்ல ஒவ்வொரு வரிக்கும் ஆறு பத்தி, ஆறாவதுதான் அது. 1-ன்னா ரூட், முதல்ல பாக்கணும், 2-ன்னா மத்த பார்ட்டிஷனுங்க, அப்புறம் பாக்கணும், 0-ன்னா பாக்கவே வேணாம். 0 போட்டா என்ன ஆகும்னா, ஜர்னல் வேலை நிக்காது, மவுண்ட் பண்றப்ப கெர்னலே அத முடிச்சுடும், அதனால பாக்கறதுக்கு எல்லாம் நல்லா ஓடற மாதிரியேதான் தெரியும். ஆனா எரர் கொடி ஏறியிருந்தா, அத பாத்து செக் ஓட்ட ஆளே கிடையாது. எரர் இருக்கு, ஈ2எஃப்எஸ்செக் ஓட்டறது நல்லதுன்னு கெர்னல் லாக்ல ஒரு வரி எழுதிட்டு அப்படியே மவுண்ட் பண்ணிடும், அந்த லாக்க யார் படிக்கிறா? கெட்டுப்போன அமைப்பு மேலயே புதுசு புதுசா எழுதிக்கிட்டே போவோம், இன்னைக்கு ஒரு ஃபோல்டர்ல இருந்த கோளாறு நாளைக்கு உங்க ஃபைனல் இயர் புராஜக்ட் மேல வந்து நிக்கும். மிச்சமாகற நேரம் ஒண்ணுமே இல்லாதப்ப இந்த ரிஸ்க் எதுக்கு, அதான் எனக்குப் புரியல. ரொட்டீன் செக்க டியூன்2எஃப்எஸ்ல அணைச்சாச்சு, ஆறாவது பத்தி 1-லயே இருக்கட்டும்.

எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்னு வேற ஃபைல் சிஸ்டம் வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது. அதுங்களுக்கான பூட் செக் கமாண்ட் எதுவும் செய்யாம வெற்றின்னு சொல்லிட்டுப் போறதுக்குன்னே எழுதப்பட்டது, அதனால 0 இருந்தா சரிதான். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் 33-லேர்ந்து, அதாவது 2020-லேர்ந்து பிடிஆர்எஃப்எஸ்தான் டிஃபால்ட், அங்க டேட்டா கெடாம இருக்கான்னு படிச்சுப் பாக்கற ஸ்கிரப்னு ஒரு வேலைய சிஸ்டம் ஓடறப்பவே ஓட்டணும், பிடிஆர்எஃப்எஸ் செக் கமாண்டோட ரிப்பேர் ஆப்ஷன மட்டும் தெரியாம தொடாதீங்க.

இன்னொரு விஷயம், பூட் லேட் ஆறதெல்லாம் செக்னாலன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஸ்கிரீன்ல ஸ்டார்ட் ஜாப் ஓடுதுன்னு போட்டு 1 நிமிஷம் 30 செகண்ட் வரைக்கும் எண்ணுதா? அப்படின்னா அது டிஸ்க்க செக் பண்ணல, வராத டிஸ்க்குக்காகக் காத்திட்டு இருக்கு. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ண எஃப்எஸ்டாப்ல எழுதி வச்சுட்டு, அத வீட்டு மேசைல விட்டுட்டு லேப்டாப்ப மட்டும் தூக்கிட்டுப் போனா இதான் நடக்கும், 90 செகண்ட் பாத்துட்டு எமர்ஜென்சி மோடுக்குக் கூட போயிடும். அந்த வரியோட நாலாவது பத்தில நோஃபெயில்னு சேர்த்தா சரியாயிடும்.

விண்டோஸும் சேர்த்து வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்துல உள்ளூர் நேரத்த எழுதும், லினக்ஸ் அத யுடிசின்னு (உலகப் பொது நேரம்) படிக்கும், நமக்கு யுடிசிலேர்ந்து 8 மணி நேரம் முன்னாடிங்கறதால, காலை 9 மணிய லினக்ஸ் சாயங்காலம் 5-ன்னு நெனச்சு டிஸ்க்ல எழுதிடும். அடுத்த தடவ பாத்தா கடைசியா மவுண்ட் பண்ணது எதிர்காலத்துலன்னு வரும். ஒரு நாள் வரைக்கும் இருக்கற வித்தியாசத்த ஈ2எஃப்எஸ்செக் மன்னிச்சு விட்டுடும், இதே குழப்பத்துக்காகவே வச்ச சலுகை அது. ஆனா மதர்போர்டுல இருக்கற காசு சைஸ் பேட்டரி செத்து கடிகாரம் வருஷக்கணக்குல பின்னாடி போயிடுச்சுன்னா மன்னிக்காது, கையால செக் ஓட்டுன்னு நின்னுடலாம். பழைய லேப்டாப்னா இதையும் மனசுல வச்சுக்கங்க, பயாஸ்ல போயி தேதி சரியான்னு ஒரு பார்வ பாருங்க.

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வரேன். ஒரு நாள் ஆன் பண்ணறீங்க, எதிர்பாராத முரண், எஃப்எஸ்செக்க கையால ஓட்டுன்னு சொல்லி, பூட்டோட தொடக்கக் கட்டமான இனிட்ராம்எஃப்எஸ்னு அடைப்புக்குறிக்குள்ள ஒரு பிராம்ப்ட் வந்து நிக்குது. ஏன் நிக்குதுன்னா, பூட் நேரத்து செக் பாதுகாப்பா திருத்தக்கூடியத மட்டும்தான் தானா திருத்தும், டேட்டா போயிடுமோன்னு சந்தேகம் வந்தா கைய எடுத்துட்டு உங்கள கூப்பிடும், அது நல்ல குணம். இங்கதான் எல்லாரும் நெட்ல பாத்துட்டு ஒய் ஆப்ஷன் போட்டு எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடறாங்க. பெரும்பாலும் சரியாவும் ஆயிடும். ஆனா டிஸ்க்கே செத்துட்டிருக்கற நேரத்துல அப்படி பண்ணா, படிக்க முடியாத இடத்தையெல்லாம் காலின்னு முடிவு பண்ணி, இணைப்பெல்லாம் வெட்டி, மீட்டிருக்கக்கூடிய ஃபைலயும் சேர்த்து இழக்க வச்சுடும், அத திரும்ப வாங்க முடியாது.

அதனால அந்த இடத்துல ஒரு மூச்சு நில்லுங்க. பேக்கப் இருக்கா? இருந்தா தைரியமா ஒய் போட்டு ஓட்டுங்க, முடிஞ்சதும் எக்ஸிட்னு அடிச்சா பூட் தொடரும். இல்லன்னா அணைச்சுட்டு, வேற கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணாமயே உபுண்டு ஓடற ஒரு லைவ் யுஎஸ்பி பண்ணி அதுலேர்ந்து பூட் ஆகுங்க, ஸ்மார்ட்சிடிஎல் போட்டு டிஸ்க்கோட உடம்ப பாருங்க, ரீஅலகேட்டட் (கெட்டுப்போய் மாத்துன இடம்) அல்லது பெண்டிங் (படிக்க முடியாம நிக்கற இடம்) செக்டர் எண்ணிக்கை ஏறியிருந்தா டிஸ்க் போய்க்கிட்டிருக்கு, செக்க மறந்துட்டு முதல்ல டிடிரெஸ்கியூ வச்சு முழுசா இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, ரிப்பேர் எல்லாம் அந்தக் காப்பி மேலதான். டிஸ்க் நல்லா இருக்குன்னா, ஈ2எஃப்எஸ்செக்க எஃப், என் ரெண்டு ஆப்ஷனும் போட்டு ஓட்டிப் பாருங்க, என்னென்ன கோளாறுன்னு சொல்லும், எதையும் தொடாது. பட்டியல் சின்னதா இருந்தா அப்புறம் ஒய். லைவ்லேர்ந்து பண்றப்ப பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாம இருக்கணும், எழுதற நிலைல மவுண்ட் ஆன டிஸ்க் மேல ரிப்பேர் ஓட்டுனா நல்லா இருந்ததும் கெட்டுடும், இதுல மட்டும் சமரசமே கிடையாது. இன்ஸ்டால் பண்றப்ப என்கிரிப்ஷன் போட்டிருந்தா முதல்ல கிரிப்ட்செட்டப்ல திறந்துட்டு, உள்ள இருக்கறதுமேல ஓட்டணும், வெளிய இருக்கற பார்ட்டிஷன் மேல இல்ல.

ரிப்பேர் முடிஞ்சதும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டர்ல போயி பாருங்க, பேர் தொலைஞ்ச ஃபைலுங்க நம்பர் பேர்ல அங்க கிடக்கும், ஃபைல்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது எது போட்டோ எது டாக்குமெண்ட்னு உள்ள பாத்துச் சொல்லும். அதே எரர் கொஞ்ச நாள்ல திரும்ப வந்துச்சுன்னா ஃபைல் சிஸ்டத்த குத்தம் சொல்லாதீங்க, மெம்டெஸ்ட்86 பிளஸ் போட்டு ராத்திரி பூரா ரேம டெஸ்ட் பண்ணுங்க, கெட்ட ரேம் எழுதற தப்ப எந்த ஜர்னலும் தடுக்காது.

பூட்ல என்ன நடந்துச்சுன்னு பின்னாடி பாக்கணும்னா, உபுண்டுல ரூட் செக்கோட லாக் ரன் டைரக்டரிக்குள்ள இனிட்ராம்எஃப்எஸ் ஃபோல்டர்ல இருக்கும், ரீஸ்டார்ட் பண்ணா போயிடும், மத்த பார்ட்டிஷனோடது ஜர்னல்சிடிஎல்ல சிஸ்டம்டி எஃப்எஸ்செக்னு தேடினா வரும். நீங்க இப்ப அந்த டியூன்2எஃப்எஸ் நாலு வரியையும், ஸ்மார்ட்சிடிஎல் சொன்னதையும் எடுத்துப் போடுங்க தம்பி, டிஸ்க்கோட சீரியல் நம்பர மட்டும் மறைச்சுடுங்க. பழைய டிஸ்க்ங்கறதால அந்த ரெண்டாவதப் பாத்துட்டுத்தான் மேல சொல்ல முடியும், அதுவரைக்கும் அசைன்மெண்ட் ஃபோல்டர ஒரு தம்ப்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிருங்க.